ஆப்பிளைத் தாக்கும் சொறி நோய்: பூஞ்சைக்கொல்லிக்கு மாற்று வழிகள் எவை, அவற்றின் எல்லை எது?

ஸ்ரீநகர்: காஷ்மீர் பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் துளிர்விடும் மார்ச் மாத இறுதியிலேயே தோட்டங்களில் தெளிப்பு இயந்திரங்களின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். அறுவடைக்குச் சில வாரங்கள் முன்பு வரை நீளும் இந்தத் தெளிப்புச் சுற்றுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு நோயை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. தோட்டக்காரர்கள் 'ஸ்கேப்' என்று சொல்லும் சொறி நோய்தான் அது.

நாட்டின் ஆப்பிள் விளைச்சலில் 70 சதவீதத்துக்கும் மேல் ஜம்மு-காஷ்மீரிலிருந்து வருகிறது. சுமார் 7 லட்சம் குடும்பங்கள் அங்கு தோட்டக்கலையை நம்பி வாழ்வதாக அரசின் கணக்குகள் கூறுகின்றன. சொறி விழுந்த ஆப்பிளை உண்பதால் உடலுக்குத் தீங்கு எதுவும் இல்லை. ஆனால், தோலில் கரும்புள்ளி படிந்த பழத்துக்கு சோப்பூர் மண்டியிலும் தில்லி ஆசாத்பூர் மண்டியிலும் முதல் தர விலை கிடைக்காது. எட்டு கனால், அதாவது ஒரு ஏக்கர் தோட்டம் மட்டுமே வைத்திருக்கும் குடும்பம், ஓராண்டு மருந்து தெளிக்காமல் விட்டுப் பார்க்கலாம் என்று துணிய முடியாததற்குக் காரணம் இதுதான். மாற்று வழி என்று எதை முன்வைத்தாலும், அது இந்த விலைக் கணக்குக்கு முன் நின்றாக வேண்டும்.

மாற்று ஏன் தேடப்படுகிறது?

சொறி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் காஷ்மீரில் 1930-களில் பதிவு செய்யப்பட்டது. 1973-இல் அது பள்ளத்தாக்கு முழுவதும் கொள்ளைநோயாகப் பரவியது. இமாசலப் பிரதேசத்தில் 1977-இல் தென்பட்டு, 1982-83 பருவத்தில் பெரும் சேதத்தை உண்டாக்கியது. அதன் பின்னரே கால அட்டவணைப்படி பூஞ்சைக்கொல்லி தெளிக்கும் வழக்கம் இரு மாநிலங்களிலும் வேரூன்றியது.

அட்டவணை வேலை செய்தது. ஆனால், அதே மருந்துகளை ஆண்டுக்கணக்கில் தெளிக்கும்போது பூஞ்சை அவற்றுக்குப் பழகிவிடுகிறது. இந்தியத் தோட்டங்களில் இன்றும் பயன்படும் டோடின் என்ற பூஞ்சைக்கொல்லிக்குக் கட்டுப்படாத சொறிப் பூஞ்சை, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1969-லேயே கண்டறியப்பட்டது. பின்னர் வந்த பெனோமில், டிரையசோல், ஸ்ட்ரோபிலூரின் வகை மருந்துகளுக்கும் உலகின் பல பகுதிகளில் அதே கதி நேர்ந்தது.

சட்டத்தின் போக்கும் மாறி வருகிறது. மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட வரைவு ஆணையில், தடை செய்யப் பரிசீலிக்கப்பட்ட 27 பூச்சி, பூஞ்சை, களைக்கொல்லிகளில் மாங்கோசெப், கேப்டான் ஆகிய இரண்டும் இருந்தன. இவ்விரண்டும் ஆப்பிள் தோட்டங்களின் அன்றாடத் துணைகள். 2023-இல் இறுதி ஆணை வந்தபோது அவை தடைப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ மாங்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க 2020 இறுதியில் மறுத்துவிட்டது.

தெளிப்பவரின் உடல்நலம் இன்னொரு கவலை. ஸ்ரீநகரின் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் நிறுவன மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2005 முதல் 2008 வரை அங்கு வந்த 432 மூளைப் புற்றுநோயாளிகளின் பின்னணியைப் பரிசீலித்தது. அவர்களில் 389 பேர் பழத்தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அல்லது தோட்டங்களை ஒட்டி வாழ்ந்து நெடுங்காலம் மருந்துகளின் தாக்கத்துக்கு உள்ளானவர்கள். பள்ளத்தாக்கில் தோட்டத்தோடு தொடர்பில்லாத குடும்பங்கள் குறைவு என்பதால், இந்த எண்ணிக்கை தொடர்பைச் சுட்டுகிறதேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை. எனினும், முகக்கவசமும் கையுறையும் இன்றித் தெளிப்புக் குழலைப் பிடிப்பவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

சருகில் உறங்கும் பூஞ்சை

வென்டூரியா இனெகுவாலிஸ் என்ற இந்தப் பூஞ்சையின் ஆண்டுச் சுழற்சியை அறிந்தால்தான் மாற்று வழிகள் எந்த இடத்தில் பலன் தரும், எந்த இடத்தில் தோற்கும் என்பது விளங்கும். நோய் கண்ட இலைகள் நவம்பரில் உதிர்கின்றன. பனிக்குக் கீழே கிடக்கும் அந்தச் சருகுகளுக்குள் கண்ணுக்குப் புலப்படாத சிறு கூடுகளை அமைத்துப் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்த மழையில் சருகு நனைந்ததும் அந்தக் கூடுகள் வெடித்து, வித்துகள் காற்றில் எழுகின்றன. மரத்தில் மொட்டு பச்சை காட்டும் நாளில் தொடங்கி, இதழ்கள் உதிர்ந்து சில வாரங்கள் ஆகும் வரை இந்த வெளியேற்றம் மழைதோறும் தொடரும்.

வித்து இலைமேல் விழுந்துவிட்டால் மட்டும் நோய் வந்துவிடாது. இலை தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். வெப்பநிலை 16 முதல் 24 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் சுமார் 6 மணி நேர ஈரமே போதுமானது. 10 டிகிரியில் அதற்கு 11 மணி நேரமும், 5 டிகிரியில் ஏறத்தாழ 21 மணி நேரமும் ஆகும். தொற்று நிகழ்ந்து 9 முதல் 17 நாள்களுக்குப் பிறகே இலையில் ஆலிவ் பச்சை நிறத்தில் வெல்வெட் போன்ற புள்ளி தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து கோடை வித்துகள் மழைத்துளியோடு தெறித்து, பக்கத்து இலைக்கும் காய்க்கும் பரவும். அந்தக் கட்டத்தை எட்டிய தோட்டத்தில் மாற்று மருந்துகளால் மீட்சி காண்பது மிகக் கடினம்.

இரசாயன மருந்துகளில் சில, இலைக்குள் ஊடுருவித் தொற்றை இரண்டு மூன்று நாள்கள் கழித்தும் நிறுத்தக்கூடியவை. மாற்று மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஆற்றல் கிடையாது. அவை இலையின் மேற்பரப்பில் நின்று காவல் காப்பவை. ஆகவே ஒரு போத்தலுக்குப் பதிலாக இன்னொரு போத்தலை வாங்கி அதே அட்டவணைப்படி தெளிப்பவர் ஏமாற்றம் அடைவது உறுதி. வசந்தத்தில் எழும் வித்துகளின் எண்ணிக்கையை முந்தைய இலையுதிர் காலத்திலேயே குறைத்துவைக்கும் தோட்டத்தில்தான் மென்மையான மருந்துகள் தாக்குப்பிடிக்கின்றன.

அதற்கான வேலை எளியது, செலவும் குறைவு. சருகுகளைக் கூட்டி அகற்றலாம், எருக்குழியில் மட்கச் செய்யலாம் அல்லது இயந்திரத்தால் பொடியாக்கலாம். அமெரிக்காவில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான கள ஆய்வு ஒன்று, சருகு முழுவதையும் பொடியாக்கினால் நோய் அபாயம் 80 முதல் 90 சதவீதம் வரை குறையும் என்று கண்டது. மூலை முடுக்குகளில் 10 முதல் 35 சதவீதச் சருகு எட்டாமல் விடுபட்டால் பலன் 50 முதல் 65 சதவீதமாகச் சரிந்துவிடும் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. கற்களும் சரிவுகளும் நிறைந்த இமாசலத் தோட்டங்களில் இந்த விடுபடல் தவிர்க்க முடியாதது.

அறுவடை முடிந்து இலை உதிர்வதற்குச் சற்று முன்பாக 5 சதவீத யூரியாக் கரைசலை, அதாவது 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ என்ற அளவில் மரத்தின்மீது தெளிக்கும் முறையும் உண்டு. இலையில் சேரும் தழைச்சத்து நுண்ணுயிர்களைப் பெருக்கிச் சருகை விரைந்து மட்கச் செய்கிறது. பூஞ்சைக் கூடுகள் முதிர்வதையும் தடுக்கிறது. யூரியா பூஞ்சைக்கொல்லி அல்ல. அதே வேளையில் இயற்கை வேளாண் சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் அதற்கு அனுமதியும் இல்லை. கால அவகாசமும் குறுகியது. 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே காஷ்மீரில் கடும் பனி பொழிந்து, இலையோடு நின்ற மரங்களின் கிளைகள் முறிந்தன. அத்தகைய ஆண்டில் யூரியா தெளிக்கவோ சருகு கூட்டவோ நாள் வாய்க்காது.

காங்கிரி எனப்படும் கணப்புச் சட்டிக்குக் கரி தயாரிப்பதற்காக இலையுதிர் காலத்தில் சருகுகளை மூட்டம் போட்டு எரிப்பது காஷ்மீரின் பழைய வழக்கம். நோயைப் பற்றிய எண்ணமே இன்றித் தோட்டத்தைச் சுத்தப்படுத்திய வழக்கம் அது. இப்போது புகைமாசு காரணமாக அதற்கு எதிர்ப்பு வலுத்திருக்கிறது. எருக்குழியே புகையில்லாத வழி.

கந்தகம்: பழைய மருந்து, புதிய கணக்கு

மாற்று மருந்துகளில் முதலிடம் இன்றும் கந்தகத்துக்கே. நீரில் கரைந்து நிற்கும் தூளாகக் கிடைக்கும் நனையும் கந்தகம், வித்து முளைப்பதைத் தடுக்கிறது. சாம்பல் நோயையும் அது கட்டுப்படுத்தும். மழைக்கு முன்னர் இலைமீது படிந்திருக்க வேண்டும் என்பதே அதன் முதல் நிபந்தனை. பலத்த மழை அதைக் கழுவிவிடும் என்பதால் மறு தெளிப்பு தேவைப்படும். குளிர் மிகுந்த நாள்களில் அதன் செயல் மந்தமாகிறது. வெப்பம் 30 டிகிரியை நெருங்கினால் இலையையும் காயையும் கருக்கிவிடும்.

சுண்ணாம்பையும் கந்தகத்தையும் நீரில் கொதிக்கவைத்துப் பெறும் செம்பழுப்பு நிறக் கரைசலான சுண்ணாம்பு-கந்தகம் இன்னும் வலுவானது. அழுகிய முட்டையின் நெடி கொண்ட இக்கரைசலுக்கு, மாற்று மருந்துகளிடம் அரிதாகக் காணப்படும் ஒரு பண்பு உண்டு. தொற்று தொடங்கி ஏறத்தாழ ஒரு நாளுக்குள், இலை ஈரமாக இருக்கும்போதே தெளித்தால், முளைத்துக்கொண்டிருக்கும் வித்தையும் அது அழித்துவிடும். ஐரோப்பாவின் இயற்கை ஆப்பிள் தோட்டங்கள் இந்தப் பண்பைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. திரும்பத் திரும்பத் தெளித்தால் இலையின் ஒளிச்சேர்க்கை குறைந்து, காயின் தோலில் சொரசொரப்பும் ஏற்படும் என்பது அதன் மறுபக்கம். அமிலம் கலந்த எந்த மருந்தோடும் அதைச் சேர்க்கக் கூடாது. நச்சுத்தன்மை மிக்க ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படும்.

காஷ்மீர், இமாசல விவசாயிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சான் ஹோசே செதில் பூச்சியையும் சிவப்புச் சிலந்தியையும் ஒழிக்க, துளிர்விடும் தறுவாயில் மரத்தின்மீது கனிம எண்ணெய் தெளிப்பது இரு இடங்களிலும் வழக்கம். எண்ணெய் படிந்த மரத்தில் உடனடியாகக் கந்தகம் பட்டால் திசு கருகும். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். சொறி நோயின் முதல் தாக்குதலோ சரியாக அந்த இரண்டு வாரத்தில்தான் வரும். எண்ணெயை முன்கூட்டியே முடித்துக்கொள்வது அல்லது முதல் காப்புத் தெளிப்பைத் தாமிரத்திடம் ஒப்படைப்பது என இரண்டில் ஒன்றைத் தோட்டக்காரர் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது.

எப்போது தெளிப்பது என்ற கேள்விக்கும் கந்தகத்தின் வழியாகவே விடை பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இலை ஈரமாக இருக்கும் நேரத்தையும் வெப்பநிலையையும் இணைத்துத் தொற்று அபாயத்தைக் கணிக்கும் அட்டவணையை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டபிள்யூ.டி. மில்ஸ் 1944-இல் வெளியிட்டார். மழையின்போது கந்தகத்தைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி என்று விவசாயிகளுக்கு விளக்கும் கையேட்டில்தான் அது இடம்பெற்றது. 1989-இல் அதன் அளவுகள் திருத்தப்பட்டன. மேலே சொன்ன 6 மணி நேரக் கணக்கு அந்தத் திருத்தத்தின் பயன். இன்று தோட்டங்களில் நிறுவப்படும் தானியங்கி வானிலைக் கருவிகளும் கைப்பேசி எச்சரிக்கைகளும் இந்த அட்டவணையின் வழித்தோன்றல்களே. நாள்காட்டியைப் பார்த்துத் தெளிப்பவர் தேவையற்ற நாளிலும் தெளிக்கிறார். தேவையான இரவைத் தவறவிடுகிறார். மாற்று மருந்துகளைப் பொறுத்தவரை அந்த ஓர் இரவே பருவத்தின் முடிவைத் தீர்மானித்துவிடலாம்.

தாமிரமும் மண்புழுவும்

மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து செய்யும் போர்டோ கலவை, 1885-இல் பிரான்சில் திராட்சைக்காக அறிமுகமானது. ஆப்பிளில் மொட்டு பச்சை காட்டும் கட்டத்தில் அதற்கு நிகரான காப்பு வேறில்லை எனலாம். பூத்த பின்னர் தெளித்தால் காயின் தோல் சொரசொரப்பாகிவிடும். இயற்கை வேளாண் விதிகளின் கீழும் கட்டுப்பாட்டுடன் அது அனுமதிக்கப்படுகிறது.

இயற்கை முறையில் இடம்பெறுவதாலேயே ஒரு பொருள் மண்ணுக்கு நல்லது ஆகிவிடாது என்பதற்குத் தாமிரமே சான்று. அது சிதைவதில்லை, ஆண்டுதோறும் மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது. சருகுகளை இழுத்துச் சென்று மண்ணுக்குள் புதைக்கும் பெரிய மண்புழுக்கள், குளிர்காலம் முடிவதற்குள் ஆப்பிள் தோட்டத்துச் சருகில் 90 சதவீதத்துக்கும் மேல் அப்புறப்படுத்தியதை இங்கிலாந்தில் 1960-களில் நடந்த ஆய்வு பதிவு செய்தது. நெடுங்காலம் தாமிரம் தெளிக்கப்பட்ட தோட்டங்களில் அந்தப் புழுக்கள் அருகிப்போய், சருகு மெத்தைபோல் படிந்து கிடந்தது. நோயைத் தடுக்கத் தெளித்த மருந்து, நோயின் இருப்பிடத்தை இலவசமாகத் துப்புரவு செய்துவந்த உயிரை அழித்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் இடக் கூடாது என வரம்பு விதித்திருக்கிறது.

கந்தகத்தையும் தாமிரத்தையும் குறைக்க ஐரோப்பியத் தோட்டங்கள் பொட்டாசியம் பைகார்பனேட்டை நாடுகின்றன. ரொட்டிச் சோடாவுக்கு நெருங்கிய உறவான இந்த உப்பு, வித்தின் நீர்ச்சத்தை உறிஞ்சி அதைச் சுருங்கச் செய்கிறது. தொற்று தொடங்கிய சில மணி நேரத்துக்குள் தெளித்தால் பலன் தெரியும். அடுத்த மழையில் கரைந்து போய்விடும். சமையலறைச் சோடா உப்பை அதற்குப் பதிலாகத் தெளிப்பது சரியன்று. அதிலுள்ள சோடியம் இலையைக் கருக்கும்.

புளித்த மோரும் ஜீவாமிர்தமும்

இமாசலப் பிரதேச அரசு 2018-இல் இயற்கை வேளாண்மைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறையைத் தழுவிய அத்திட்டத்தில் ஆப்பிள் விவசாயிகளும் சேர்ந்தனர். நாட்டுப் பசுவின் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு ஆகியவற்றால் செய்யும் ஜீவாமிர்தம் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் நன்கு அறிமுகமானதுதான். பூஞ்சைக்கு எதிராக அங்கு பரிந்துரைக்கப்படுவது புளித்த மோர்.

மோரின் அமிலத்தன்மையும் அதிலுள்ள பாக்டீரியாக்களும் இலையின் மேற்பரப்பில் வித்து முளைப்பதற்கு இடையூறு செய்யக்கூடியவை. ஆனால், உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சையை அவை தொடுவதில்லை, மழையிலும் நிலைப்பதில்லை. வசந்த மழை குறைவாகப் பெய்யும் ஆண்டில், சருகு நீக்கிய தோட்டத்தில் மோர் கைகொடுத்தால் அதில் வியப்பில்லை. தொடர் ஈரம் நிலவும் ஆண்டில் அதை மட்டும் நம்பி நிற்பது, பருவத்தின் வருமானம் முழுவதையும் பணயம் வைப்பதாகும். இடுபொருள் செலவு குறைவு என்பது உண்மையான ஆதாயம். சொறி நோய்க்குத் தனித் தீர்வு என்று விளம்பரப்படுத்துவது அந்த ஆதாயத்துக்கே கேடு.

நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படும் உயிரிப் பூஞ்சைக்கொல்லிகளும் ஏறக்குறைய இதே நிலையில்தான் உள்ளன. பேசில்லஸ் பாக்டீரியா கலந்தவை இலைமீது இடத்தைப் பிடித்துக்கொண்டு பூஞ்சைக்குப் போட்டியாக நிற்கின்றன. நோய் அழுத்தம் குறைந்த நிலையில் அவை துணைபுரியும். சருகிலேயே பூஞ்சையைத் தாக்கும் எதிர்ப் பூஞ்சைகள் பற்றி அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள் கூடுதல் நம்பிக்கை தருகின்றன. இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் டிரைக்கோடெர்மாவின் உரிய களம் இலையல்ல, மண். வேரழுகல் போன்ற நோய்களுக்கு எதிராகவே அது பெரிதும் பயன்படுகிறது.

நோய் எட்டாத ரகங்கள்

தெளிப்பையே தேவையற்றதாக்கும் வழி, எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களை நடுவது. மலஸ் ஃபுளோரிபண்டா என்ற காட்டு ஆப்பிளின் மரபணுவைப் புகுத்தி உருவாக்கிய 'பிரைமா' ரகம் அமெரிக்காவில் 1970-இல் வெளியானது. லிபர்ட்டி, ஃபுளோரினா, டோபாஸ் எனப் பல ரகங்கள் அதைத் தொடர்ந்தன. காஷ்மீரிலும் ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் ஃபிர்தவுஸ், ஷிரீன் என்ற இரு எதிர்ப்புத்திறன் ரகங்களை உருவாக்கியது. ஆயினும் மண்டியில் வணிகர் கேட்பது சிவந்த டெலீஷியஸ் வகைகளையே. அவை சொறி நோய்க்கு எளிதில் இரையாகுபவை. நுகர்வோருக்குப் பெயர் தெரியாத ரகத்தை நட்டு, அது காய்க்கும்வரை பல ஆண்டுகள் காத்திருக்கச் சிறு விவசாயிகள் தயங்குகிறார்கள்.

ஒரே மரபணுவை நம்புவதிலும் ஆபத்து உண்டு. அந்தக் காட்டு ஆப்பிளின் காப்பை உடைக்கும் புதிய பூஞ்சை இனம் ஜெர்மனியில் தோன்றியதை 1993-இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. எதிர்ப்பு ரகத் தோட்டங்களிலும் சருகை நீக்கி, வசந்தத்தில் ஓரிரு முறை கந்தகம் தெளித்து வைக்குமாறு வல்லுநர்கள் அறிவுறுத்துவது அதனால்தான்.

பழைய மரங்களை வெட்டாமல் செய்யக்கூடியது கவாத்து. கிளைகளுக்கிடையே வெயிலும் காற்றும் புகும்படி திறந்துவிட்ட மரத்தில் இலை விரைவில் உலர்கிறது. ஒன்பது மணி நேரம் ஈரமாக இருக்கும் இலை ஐந்து மணி நேரத்தில் உலர்ந்துவிட்டால், எந்த மருந்தும் இன்றியே ஒரு தொற்று தவறிப்போகிறது.

சொறி நோய் அடங்கினால் மற்றவை தலைதூக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சொறிக்கு எதிராகத் தெளிக்கும் மருந்துகள் வேறு சில பூஞ்சைகளையும் சேர்த்தே அடக்கி வைத்திருந்தன. ஐரோப்பாவில் தெளிப்பைக் குறைத்த தோட்டங்களில், சொறியை வென்ற டோபாஸ் ரகமே மார்சோனினா எனப்படும் இலையுதிர்வு நோய்க்கு உள்ளானது. அங்கு இயற்கை விவசாயிகள் அமிலமூட்டிய களிமண் தூளைத் தெளித்து அதைச் சமாளிக்கின்றனர்.

இமாசலத்தில் மார்சோனினாவும் ஆல்டர்னேரியா இலைக்கருகலும் பருவமழை மாதங்களில் பரவி, பழம் நிறம் பிடிக்கும் முன்பே மரங்களை மொட்டையாக்குகின்றன. சிம்லா மாவட்டத்தில் 2024-ஆம் ஆண்டு கோடையிலும் மழைக்காலத்திலும் இத்தகைய பாதிப்பு பரவலாக இருந்தது. வசந்தத்துக்கென வகுத்த கந்தகத் தெளிப்பு ஜூலை மழையில் இவற்றுக்கு ஈடுகொடுப்பதில்லை. மார்சோனினாவும் உதிர்ந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழிப்பதால், நவம்பரில் சருகு கூட்டும் வேலை மட்டும் இரண்டு நோய்களுக்கும் சேர்த்தே பயன்படுகிறது.